ஏற்கெனவே ஒட்டியிருந்த டேக்

பேய், சகுனம் எதையும் நம்பியவன் இல்லை நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன், எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று அம்மாவோடு சண்டை போட்டே வளர்ந்தவன். நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டு மட்டும் வையுங்கள்.

வங்காளத்து டாலிகஞ்சில் எங்களுடையது சின்ன ஆபீஸ், மருந்துக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறோம். புதிய பதிப்பைக் கையாலேயே வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள், நான் அதற்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரே கட்டளைதான்: ‘கிட்’ என்னும் நிரல் சேமிப்பகத்தில் இருக்கும் நிரலுக்குப் பதிப்பு எண்ணை டேக்காக, அடையாளச் சீட்டு மாதிரி, ஒட்டும், சர்வரில் பழைய ஃபோல்டரை அழிக்கும், புதியதை ஏற்றும். எழுதி முடித்த அன்று, சாயங்காலத்துக்குள் அது ஓடிவிட்டால் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. ஓடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

அன்று விஸ்வகர்மா பூஜை. கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் குங்குமம் வைத்து மாலை போட்டுவிட்டு எல்லோரும் மொட்டை மாடிக்குப் பட்டம் விடப் போய்விட்டார்கள். தாதா என்று நாங்கள் அண்ணன் முறை சொல்லும் சீனியர் திலீப்தா மட்டும் வாசலில் நின்று, “ஆஜ்கே மெஷினே ஹாத் தியோ நா, பாய்” என்றார், இன்று மெஷினில் கை வைக்காதே, அதற்கும் லீவாம்.

“ஸ்கிரிப்டுக்கு ஏது தாதா லீவு?” என்று வங்காளத்திலேயே கிண்டலடித்துவிட்டு என்டரைத் தட்டினேன்.

உடனே நின்றுவிட்டது. ஒரு எண்ணுக்கு ஒரு டேக்தான், அந்த எண்ணில் டேக் ஏற்கெனவே இருக்கிறதாம்! திறந்து பார்த்தால், ஒட்டியவர் என்று என் பெயர். நேரம் அன்று காலை, நான் பெஹாலா வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்த நேரம், லேப்டாப் பைக்குள் அணைந்து கிடந்தது. கூடவே தமிழில் ஒரு குறிப்பு: “இன்னைக்கு வேண்டாங் கண்ணு.” ஆபீஸில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்தேன். அழிக்க வேண்டிய ஃபோல்டரின் பெயர் வரவேண்டிய இடத்தை நான் நிரப்பவே இல்லை. ஓடியிருந்தால், எதை என்று சொல்லாததால் எல்லாவற்றையும் அழித்திருக்கும், அத்தனை கடைகளின் தகவலும் சர்வரோடு சேர்ந்து போயிருக்கும்.

என்னைக் கண்ணு என்று கூப்பிடுவது அம்மா மட்டும்தான். வீட்டில் கேட்டேன். “கையெழுத்தே போடத் தெரியாதவகிட்ட வந்து கேக்கறான் பாரு! ஆபீஸ்ல எவளாச்சும் எழுதியிருப்பா” என்று சிரித்தாள்.

மறுநாள் பிழையைத் திருத்தி, டேக்கை நீக்கி, பதிப்பை வெளியிட்டேன், ஒரு நாள் தாமதத்தை முதலாளி பெரிதுபடுத்தவில்லை, வேலையும் நிரந்தரமானது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம், புதிதாகச் சேர்ந்த மௌமிதா நிரலைத் தன் மெஷினில் இறக்கிவிட்டு, “தாதா, எட்டா கீ பாஷா?” என்று திரையைக் காட்டினாள், இது என்ன மொழி என்று. அதே வரி. ஆனால் எண் வேறு, நாங்கள் இன்னும் வெளியிடாத அடுத்த பதிப்பின் எண். வெள்ளிக்கிழமைக்குள் அதை வெளியிட்டாக வேண்டும் என்கிறார் முதலாளி. ஸ்கிரிப்டைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன், இந்த முறை ஒரு தப்பும் என் கண்ணில் படவில்லை.