சத்தம் போடாத கடன்

புது ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதிய, ரப்பர் வாசனை கலந்த அந்தக் குளிர்காற்று எனக்கு இன்னும் மறக்கவில்லை. சிட்லபாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறையில் அதற்கு இடம் இல்லாததால், வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி கூடத்திலேயே நிறுத்தியிருந்தோம். அப்பாவின் ஆசையும் அதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐஸ்கட்டி கேட்டு வந்தால், சின்னப் பெண்ணான நான் பெரிய மனசு பண்ணி ஆளுக்கு ஒன்று கொடுத்தனுப்புவேன். மாதாமாதம் 'டியூ' கட்டி முடிக்கும்வரை அது எங்களுடையதே அல்ல என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கிண்டியில் ஒரு தொழிற்சாலைக்கு மின்சார ரயிலில் போய்வந்த அப்பாவுக்கு அந்த வருடம் ஓவர்டைம் நின்றுபோனது. அதை நம்பித்தான் அவர் ஃப்ரிட்ஜையே வாங்கியிருந்தார். சம்பளம் வாடகைக்கும் மளிகைக்குமே சரியாகிப்போக, டியூ கட்டுவதற்காக அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி தாம்பரம் மார்க்கெட் பக்கமிருந்த அடகுக் கடைக்குப் போனது. பிறந்த வீட்டில் அவளுக்குப் போட்டனுப்பிய நகை அது ஒன்றுதான். "மூணு மாசத்துல திருப்பிடலாம்," என்றார் அப்பா.

டியூ வசூலிக்க வருபவர் வாசலில் மொபெட்டை நிறுத்தி ஹாரனை அமுக்கிவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி, "இன்னாக்கா, சார் வூட்ல கீறாரா? போன மாச டியூவும் நின்னுகினு கீதே!" என்பார். எதிர்வீட்டு ஜன்னல் உடனே திறக்கும். அந்த மானக்கேட்டுக்குப் பயந்தே, வீட்டில் எந்தக் காசு மிஞ்சினாலும் முதலில் அவர் கைக்குத்தான் போனது. அடகுக் கடைக்காரரோ யார் வாசலுக்கும் வந்ததில்லை, ஒரு வார்த்தை அதட்டியதில்லை. "நல்ல மனுஷன், வாய் திறந்து கேக்கவே மாட்டார். வட்டியை அடுத்த மாசம் சேத்துக் கட்டிக்கலாம்," என்பார் அப்பா. கத்துகிறவருக்கு முதலில், கத்தாதவருக்குப் பிறகு என்பதுதான் எங்கள் வீட்டு நிர்வாகம். சங்கிலியையே கையில் வைத்திருப்பவர் எதற்காகக் கத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஓர் ஐப்பசி மாதம், கடைக்குப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்து, "முழுகிடுச்சு," என்று மட்டும் சொன்னார். கெடு தாண்டி நகை கைவிட்டுப் போவதை அப்படிச் சொல்வார்கள் என்பது தெரியாமல், மழையில் நிரம்பிக் கிடந்த எங்கள் ஊர் ஏரியில்தான் அது விழுந்துவிட்டதென்று நினைத்து, பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் கரையில் நின்று தண்ணீருக்குள் பார்ப்பேன். அம்மா அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஃப்ரிட்ஜ் துடைக்கும் துணியை அப்பா கையில் கொடுத்து, "இனிமே இதை நீங்களே பாத்துக்குங்க," என்றாள்.

இப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் யாரும் வந்து ஹாரன் அடிப்பதில்லை. அந்த மொபெட்டுகளும் குரல்களும் போயே போய்விட்டன. வீட்டுக்கடன், மகனின் பைக், கைபேசி என்று எல்லாத் தவணைகளும் மாதம் பிறந்ததும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடுகின்றன. எதிர்வீட்டுக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தானே ஒன்றன்மேல் ஒன்றாக வாங்கிப் போட்டோம்! கடன்களெல்லாம் அந்த அடகுக் கடைக்காரரைப் போலச் சாதுவாகிவிட்டன. கட்டிக் கட்டி எனக்கு அலுத்துவிட்டது.

வேலைக்குப் போன பிறகு, சிறுகச் சிறுகச் சேர்த்து, ரொக்கம் கொடுத்து, அம்மாவுக்கு ஒரு சங்கிலி வாங்கிப் போட்டேன். போன மாதம் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் புரளாமல் நான் தவித்தபோது, கேட்பதற்கு முன்பே அவள் அதைக் கழற்றி என் கையில் வைத்தாள். சீக்கிரம் திருப்பிவிடுகிறேன் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அப்பா காலமான பிறகு அவளுக்கென்று வருவது அவருடைய சொற்பப் பென்ஷன் மட்டும்தான்.

"நீ எப்ப முடியுமோ அப்ப திருப்புடி," என்றாள் அம்மா. "வட்டியை மட்டும் மாசாமாசம் என் பென்ஷன்லேருந்து நானே போய்க் கட்டிடறேன். இந்தத் தடவையாவது உங்கப்பா கட்டட்டும்."