காருக்கு வால் முளைத்த காலம்

கார் ஓட்டுவது ஒரு வேலை என்றால், அதன் பின்னால் ட்ரெய்லரைக் கட்டி இழுப்பது இரண்டு வேலை. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் கெடாவில் அதைச் செய்து தவித்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பீடோங்கில் ஒரு மளிகைக் கடை முதலாளியிடம் நான் டிரைவர். ஜப்பான் ராணுவம் வந்த வேகத்தில் அவருடைய லாரியைக் கொண்டுபோய்விட்டது. பழைய காரை மட்டும் தொடவில்லை. முதலாளி பட்டறையில் சொல்லி, நொறுங்கிக் கிடந்த ஒரு காரின் அச்சையும் சக்கரங்களையும் எடுத்து, மேலே பலகை அடித்து ஒரு ட்ரெய்லர் செய்துவிட்டார். தோட்டங்களிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவர வேண்டும். பிரேக் காருக்கு மட்டும்தான். பின்னால் வருவது தன் இஷ்டத்துக்கு வரும்.

வால் ஆடியது

முதல் சவாரியில் மூட்டைகளைக் கண்டபடி ஏற்றிவிட்டோம். கனமெல்லாம் ட்ரெய்லரின் பின்பக்கம். ஏற்றி இறக்க வந்த தோட்டத்து அஞ்சலை என் பக்கத்து சீட்டில் இருந்தாள். இறக்கத்தில் கொஞ்சம் வேகம் பிடித்ததுதான் தாமதம், காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுக்குவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் ட்ரெய்லர் ரோட்டின் இரண்டு ஓரத்தையும் தொட்டுத் தொட்டு வருகிறது. இந்தப் பக்கம் ரப்பர் மரம், அந்தப் பக்கம் கால்வாய். பயத்தில் பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் இன்னும் கூடியது. காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தேன். இறக்கம் முடிந்து சமதரைக்கு வந்த பிறகுதான் அடங்கியது.

மூட்டைகளை இறக்கி, கனம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழும்படி மறுபடி அடுக்கினோம். ஆனால் அஞ்சலை ஏறவே மாட்டேன் என்றாள்.

"நீங்க போங்கண்ணே, நான் நடந்தே வர்றேன், கிழங்குக்காகச் சாகிற அளவுக்கு எனக்கு இன்னும் பசி வரல."

கோட்டைத் தாண்டியது

செமிலிங் போகிற வழியில் ஒரு பாலம். அங்கே ஜப்பான் சிப்பாய் காவல். தரையில் கோடு போட்டிருக்கும்; அதற்கு முன்பே நிறுத்தி, இறங்கி, குனிந்து வணங்க வேண்டும். அன்றைக்கு நான் வழக்கமான இடத்தில்தான் பிரேக் போட்டேன். கார் நின்றிருக்கும். பின்னால் இருந்த பாரம் நிற்கவில்லை. காரைத் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டது.

சிப்பாய் கத்திக்கொண்டே கையைக் காட்டினான்: பின்னால் எடு! எடுத்தேன். ட்ரெய்லரைப் பின்னால் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாம் ஒரு பக்கம் திருப்பினால் அது மறுபக்கம் போகும். என்னுடையது நேராகக் காவல் கொட்டகையைப் பார்த்துப் போனது. அவன் துள்ளி விலகினான். அடுத்த நிமிஷம் துப்பாக்கிக் கத்தி என் நெஞ்சில். அங்கே வேலையிலிருந்த மலாய் போலீஸ்காரர் ஓடி வந்தார். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஏதேதோ கெஞ்சி அவனை அமர்த்தினார். நாங்கள் இருவரும் கொக்கியைக் கழற்றி, ட்ரெய்லரைக் கையால் தள்ளிக் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோனோம். காரையும் எடுத்துவிட்டு வந்து வணங்கினேன். நிமிர்ந்ததும் ஓர் அறை, காது கொய்யென்றது.

போலீஸ்காரர் காதோரம் முணுமுணுத்தார்: "அடுத்த தடவை தூரத்துலயே நிறுத்துலா தம்பி, அவன் சுட்டா குழி வெட்டுறது நான்தான்."

கிழங்குக்கு அடியில்

சயாமில் ரயில் ரோடு போட ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்த சமயம். அஞ்சலை காலையிலேயே வந்து நின்றாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு பேரு வந்திருச்சு. செமிலிங்ல என் தம்பி கரிச்சூளையில இருக்கான். அங்க கொண்டுபோய் விட்டுடுங்க."

"பாலத்துல பார்த்துட்டா?"

"பார்த்தா எல்லாருக்கும் ஒரே கதிதான். நானும் கூட வர்றேன்."

அவள் கணவன் வீரனை ட்ரெய்லரில் படுக்கவைத்து, மேலே பலகை போட்டு, மூட்டைகளை அடுக்கினோம். பாலத்துக்கு வெகுதூரம் முன்பே வேகத்தைக் குறைத்து, கோட்டுக்கு இப்பால் நின்றேன். வணங்கினோம். சிப்பாய் மூட்டைகளைக் கண்ணால் அளந்துவிட்டுப் போகச் சொன்னான். பாலம் தாண்டினால் ஒரு மேடு. பாதி ஏறும்போது 'டணக்' என்று சத்தம். கொக்கியின் ஆணி ஒடிந்துவிட்டது! ட்ரெய்லர் பின்னோக்கி உருண்டு, கொக்கி விட்டால் தாங்கட்டும் என்று கட்டியிருந்த சங்கிலியில் தொங்கி, காரையும் கீழே இழுத்தது. கீழே பாலம். பாலத்தில் அந்தச் சிப்பாய். கை பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அஞ்சலை குதித்து ஓடி, ஒரு கல்லை உருட்டி ட்ரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் கொடுத்தாள். நின்றது. சிப்பாய் எங்களை நோக்கி நடக்கத் தொடங்கினான். போலீஸ்காரர் அவனுக்குப் பின்னாலேயே வந்து, வேறு வண்டி வருகிறது என்று பாலத்தின் அந்தப் பக்கத்தைக் காட்டினார். அவன் திரும்பினான். டயர் கழற்றும் கம்பியை ஆணிக்குப் பதிலாகச் செருகிக் கம்பிச் சுருளால் கட்டினேன். ஒருவழியாக மேடு ஏறிச் செமிலிங் போய்ச் சேர்ந்தோம்.

சண்டை முடியும்வரை வீரன் அந்தச் சூளையில்தான் விறகு வெட்டினான். அவனோடு பேர் வந்தவர்களில் பலர் திரும்பவில்லை. அன்றைக்கு மூட்டைகளை எடுத்ததும், உடம்பெல்லாம் மண்ணாக எழுந்து உட்கார்ந்து அவன் சொன்ன முதல் பேச்சு இது:

"சயாமுக்குப் போறவன்கூட ரயில்ல உட்காந்துதான் போறானாம், அண்ணே."

ட்ரெய்லர் இழுத்து நான் கற்றது இவ்வளவுதான்: உயிரோடு ஊர் போய்ச் சேர வேண்டுமானால் மெதுவாகப் போக வேண்டும், ஆனால் மெதுவாகப் போக அந்தக் காலம் யாரையும் விடவில்லை.