சுடரை அசைத்த ஒலி

என்னிடம் ஒரு நாட்காட்டித் தாள் இருக்கிறது. முன்பக்கம் யூலை, புதன்கிழமை. ஆண்டு இருந்த மூலை கிழிந்துவிட்டது. கொழும்பை இருட்டில் வைத்திருந்த மின்வெட்டை நினைத்துத் தொண்ணூற்றாறு என்று கணிக்கிறேன். பின்பக்கத்தில் சின்னமாமா பென்சிலால் எழுதிய இரண்டு சொற்கள்: சமஸ்கிருதத்தில் ‘சகர்ப்ய’, கிரேக்கத்தில் ‘அடெல்ஃபொஸ்’.

வெளிநாடு போவதற்காகச் சின்னமாமா கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். பெரியமாமாவைச் சண்டை நடந்த யாழ்ப்பாணத்தில் தனியே விட்டுவிட்டு வந்துவிட்டார் என்று அம்மா அவரோடு கதைப்பதில்லை. ஒரே மேசையில் இருந்தாலும் தன் தம்பிக்கு அவர் சொல்லும் சேதி என் வழியாகத்தான் போகும். எட்டு வயதுக்காரிக்கு அது பெரிய உத்தியோகம்.

அந்தப் புதன்கிழமை பொழுதுபட மின்சாரம் போனது. மாமா என் வாய்க்கு நேரே மெழுகுதிரியை வைத்து, “அப்பா எண்டு சொல்லு” என்றார். சொன்னேன். சுடர் அசையவில்லை. பிறகு அவர் ‘சகர்ப்ய’வில் வரும் சமஸ்கிருதப் பகரத்தை மூச்சை அழுத்திச் சொன்னார். சுடர் படுத்து எழும்பியது. பழைய கிரேக்கத்திலும் அதே இடத்தில் மூச்சோடு ஒரு பகரம் வருமாம். இதில் ககரம் நிற்கும் இடத்தில் அதில் டகரம் நிற்குமாம். இப்படி ஒலிக்கு ஒலி ஒழுங்காகப் பொருந்தினால் இரண்டு மொழிக்கும் தாய் ஒன்றாம். ஏனோ குரலை அடுப்படிவரை கேட்கும்படி உயர்த்தியே சொன்னார்.

“கருத்தென்ன மாமா?”

“ரெண்டுக்கும் ஒண்டுதான். ஒரே வயித்தில பிறந்தவன்.”

அடுப்படியிலிருந்து அம்மா, “இதைச் சொல்லக் கிரேக்கம் வேணுமாமோ? மற்றவனும் அதே வயித்திலதானே பிறந்தவன் எண்டு உன்ர மாமாட்டக் கேள்” என்றார்.

கேட்டேன். மாமா சுடரைப் பார்த்தபடியே சொன்னார்:

“அண்ணைதான் என்னைப் பிடிச்சுத் தள்ளி அனுப்பினவர் எண்டு கொம்மாட்டச் சொல்லு. ரெண்டுபேரும் செத்தா அக்காவுக்கு ஆரடா எண்டு கேட்டவர்.”

நான் வாயெடுக்குமுன் அம்மா வந்தார். என்னைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டுத் தானே இருந்து, மெழுகுதிரியைத் தன் பக்கம் இழுத்தார்.

“எப்பிடியடா அந்தச் சொல்லு? இன்னொருக்காச் சொல்லு.”

மாமா சொன்னார். அம்மாவும் சொல்லிப் பார்த்தார். சுடர் அசையவில்லை.

“மூச்சுக் காணாது அக்கா. ஊதுறமாதிரிச் சொல்லு.”

ஊதினார், திரி அணைந்தது. நெருப்புப்பெட்டியை யாரும் தேடவில்லை. இருட்டில் மூச்சு விட்டுவிட்டுக் கேட்டது; இருவரும் சிரிக்கிறார்கள் என்றே அப்போது நினைத்தேன். என் உத்தியோகம் போன கோபத்தில் நான் அப்பால் போய் நின்றேன்.

அடுத்த மாதம் சின்னமாமா விமானம் ஏறினார். பெரியமாமாவிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அந்தப் புதன்கிழமை அவர் உயிரோடு இருந்தாரா என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.