வாளியக்காவுக்குச் சேர வேண்டியது

வாளியக்காவுக்கு முதலாளி பதினெட்டாயிரம் தரவேண்டியிருந்தது. தருகிறேன் என்று வேலையாட்கள் அத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்னவரும் அவரேதான்.

முதலாளி லேசுப்பட்ட ஆள் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஒற்றைச் சலவை இயந்திரத்தில் தொடங்கி, ஓட்டல் விரிப்புகளை மூட்டை மூட்டையாக வெளுக்கும் பதினோரு இயந்திரங்களுக்குச் சொந்தக்காரர் ஆனவர். ஆனால் அந்தப் பதினொன்றும் குடித்த தண்ணீர் அவர் கண்ணில் படவில்லை. வாளியக்கா கண்ணில்தான் பட்டது.

விரிப்புகளைக் கடைசியாக அலசிய தண்ணீர் கண்ணாடி மாதிரி சாக்கடைக்குப் போவது அவளுக்குப் பொறுக்கவில்லை. வாளியில் பிடித்து, அடுத்த மூட்டையின் முதல் துவைப்புக்கு ஊற்றினாள். பெயர் வந்த கதை அதுதான். பிறகு வாளி போய்க் குழாயும் தொட்டியும் வந்தன. லாரித் தண்ணீர் பாதியாகக் குறைந்தது.

"மொத மாசம் மிச்சமாகுற காசு அப்படியே உனக்குத்தாம்மா!" என்றார் முதலாளி. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

மிச்சமானது பதினெட்டாயிரம். கொடுத்ததோ சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம். பணத்தைப் பற்றி மூச்சே இல்லை. அவளும் ஒன்பது மாதம் வாய் திறக்கவில்லை. போன வாரம்தான், "ஒண்ணாந்தேதியிலேருந்து எதிர்த்தெரு சலவைக்குப் போறேன் மொதலாளி," என்றாள்.

"போயேன்! குழாயத் தொறந்து மூட எனக்கு ஆளா கெடைக்காது?"

அந்த நேரம் பார்த்துப் பெரிய ஓட்டலிலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்தார். தண்ணீரை வீணாக்காத இடத்துக்குத்தான் மூன்று வருட ஒப்பந்தம் என்றார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் நம்ம ஏற்பாடு, பாருங்க!" என்று தாமே ஒரு குழாயைத் திருகினார். முதல் துவைப்பின் கறுப்புத் தண்ணீர் நல்ல தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் பாய்ந்தது.

வாளியக்கா ஓடிவந்து மூடினாள். தொட்டி மயிரிழையில் தப்பியது.

"மொதலாளி எனக்குப் பரீட்சை வெக்கிறாரு மேடம். தூங்குறேனான்னு பாக்குறாரு," என்று சிரித்தாள்.

"தண்ணி நல்லதுன்னு எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?"

"மணிக்கட்டுல விட்டுப் பார்ப்பேன். வழுக்கினா சோப்பு இருக்கு, சாக்கடைக்கு. வழுக்கலன்னா தொட்டிக்கு. துண்டு அலசின தண்ணி மட்டும் எப்பவுமே வேணாம். பஞ்சு அடைச்சுக்கும்."

"சரி, நீங்க வேலைய விட்டுப் போயிட்டா?"

அவள் முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள்.

அவருக்குச் சுருக்கென்றது. போகிறவள் தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவளுக்கு என்ன நஷ்டம்?

"மேடம், இது என் ஏற்பாடு இல்ல, இந்தம்மாவோடது. நான் வாக்குக் கொடுத்துட்டு இழுத்தடிச்ச ஆளு," என்றார். அத்தனை வருடத்தில் தம்மைத் தாமே குறைத்து அவர் பேசியது அன்றுதான்.

"அப்போ இவங்க இங்க இருந்தாதான் ஒப்பந்தம்," என்றார் அதிகாரியம்மா.

முதலாளி இரும்புப் பெட்டியைத் திறந்தார். "கைய நீட்டும்மா."

"சம்பளத்துல பிடிச்சுக்குவீங்களா?"

"மானத்த வாங்காதம்மா!"

"சரி, எண்ணுங்க. எதிர்த்தெருக்காரருக்கு வரலன்னு சொல்லிடுறேன்."

சோப்பில் ஊறிச் சுருங்கிய உள்ளங்கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை இரண்டிரண்டாக, ஆயிரம் ஆயிரமாகச் சத்தமாக எண்ணி வைத்தார். பதினெட்டாவது ஆயிரம் விழுந்தும் கை மூடவில்லை.

"ஒம்போது மாசம் ஆச்சே மொதலாளி."

அவர் சிரித்துக்கொண்டே பத்தொன்பதாவதையும் வைத்தார்.