மூலத்தில் இல்லாத வரி

'அடிக்குறிப்பு அக்கா' என்று பெயர் வைத்தது எங்கள் கல்வியியல் துறை ஆய்வு மாணவர்களான நாங்கள்தான். ஒரு கருத்தை எழுதினால், எந்த நூல், எந்தப் பக்கம் என்று அடியில் போடாமல் அக்காவுக்குச் சோறு இறங்காது. காலையில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, மதியம் ஆய்வுக்கு ஓடிவருவாள். முனைவர் பட்டம் கைக்கு வந்தால் கல்லூரி வேலை ஒன்று காத்திருந்தது.

எங்கள் துறையில் யார் ஆய்வேடு எழுதினாலும் முதல் இயலில் ஒரு வரி வந்தே தீரும்: 'தாய் வேலைக்குச் சென்றால் பிள்ளையின் படிப்பு சரிகிறது.' அடியில் ஒரு பழைய ஆய்வின் பெயரும் பக்க எண்ணும் இருக்கும். எங்கள் ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர் தம் ஆய்வேட்டில் முதன்முதலில் எழுதியது அது. அவரைப் பார்த்து அவர் மாணவர்கள், அவர்களைப் பார்த்து நாங்கள். மூலத்தை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

பெண் பிள்ளை ஒன்றைப் பெற்று வளர்க்கும் அக்காவுக்கு அந்த வரி முள்ளாகக் குத்தியது. வெளியூர் நூலகத்திலிருந்து மூலத்தை வரவழைத்தாள். அந்தப் பக்கத்தில் இருந்ததோ நேர் எதிர்: சரிகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதை அப்படியே எழுதி, முதலில் தவறாக எடுத்தாண்டவர் நெறியாளர் என்பதையும் அடிக்குறிப்பில் போட்டாள்.

அவர் அறைக்கு அவளோடு நானும் போயிருந்தேன்.

"இந்த அடிக்குறிப்பை எடுத்துடும்மா. இன்னைக்கே கையெழுத்து போடறேன்."

"மூலத்துல அந்த வரி எங்க இருக்குன்னு காட்டுங்க சார், எடுத்துடறேன்."

"இத்தனை வருஷமா எல்லாரும் எழுதறாங்களே, அவங்கல்லாம் முட்டாளா?"

"எழுதினாங்க சார். யாரும் படிக்கல."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

நெறியாளரை மாற்றக் கேட்டு அலைந்ததில் கல்லூரி வேலை கைநழுவிப் போனது. "ஒரு வரிதானே, விட்டுக்கொடுத்தா என்ன?" என்று அவள் கணவரே கேட்டார்.

"பொய்யின்னு தெரிஞ்ச பிறகு என் ஆய்வேட்டுல அதை எப்படி விட்டு வைப்பேன்? நானும் வேலைக்குப் போற அம்மாதானே?" என்றாள். புதிய நெறியாளரிடம் பட்டம் வாங்கினாள், அடிக்குறிப்போடு. அன்று எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச காலம் கழித்துப் பழைய நெறியாளர் ஓர் ஆய்விதழில் கட்டுரை எழுதினார். அந்தப் பழைய ஆய்வு தவறாக எடுத்தாளப்பட்டு வருவதை அவர் கண்டுபிடித்தாராம்! அக்காவின் பெயர் மருந்துக்கும் இல்லை. என்ன நெஞ்சழுத்தம்! எனக்குக் கொதித்தது. அக்கா இதழை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள். நானும் விடவில்லை, பின்னாலேயே போனேன்.

"இப்ப சந்தோஷம்தானேம்மா? நீ சொன்னதைத்தான் எழுதியிருக்கேன்" என்றார்.

"நான் சொன்னேன்னு கீழே போடலையே சார்." அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "திருத்தம் போடச் சொல்லி இதழுக்கு எழுதுங்க. நீங்க முடிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."