கை தூக்கிப் பேசிய எம்.பி.

பெருமாள்மலை டீக்கடையில் குரங்குக் குல்லாவோடு நின்றவரை, எம்.பி. என்று கடைக்காரர் எனக்குக் காட்டினார். வேறெங்கோ தொகுதி, குடும்பத்தோடு கொடைக்கானல் பார்க்க வந்தவர். ஓரிடத்தில் நிற்கவில்லை. வாய் திறக்குமுன் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கினார், டீக்குச் சர்க்கரை கேட்கக்கூட.

வெளிநாட்டுப் பூண்டுக்கு இறக்குமதி வரியைக் குறைத்துவிட்டதாக அன்று காலைதான் போனில் படித்திருந்தேன். என் ஊரான பூண்டியில், வீட்டு அடுப்புக்கு மேலே, விலை ஏறட்டும் என்று விற்காமல் வைத்த பூண்டு புகையில் தொங்கிக்கொண்டிருந்தது. வயிற்றெரிச்சல் தாங்காமல் நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"வரியக் கொறைக்க நீங்களும் கை தூக்குனீங்களாங்க?"

தூக்கிய கை பாதியில் நின்றது. "எங்களக் கேட்டா செய்யிறாங்க? அரசாங்கமே உத்தரவு போட்டுரும். பொறகுதான் சபையில கொண்டாந்து வைப்பாங்க. நானும் காலையில போன்லதான் பாத்தேன்."

"வச்ச பொறகாவது கேளுங்க. எங்க பூண்டு பூரா வீட்டுலதான் கெடக்கு."

"கேக்குறேன்" என்றார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

இப்போது டி.வி.யில் சபையைக் காட்டினால், தட்டில் சோறு ஆறினாலும் கண்ணை எடுக்க முடிவதில்லை. எத்தனையோ கைகள் எழுகின்றன. டீக்குச் சர்க்கரை கேட்ட அந்தக் கையை மட்டும் இன்னும் காணோம்.