கழுத்து வரை நிரப்பிய டேங்க்

இந்த மாதம் எழுபத்தெட்டு விடைத்தாள் திருத்தினேன். எழுபத்தேழில் பலூன்.

ப்ளஸ் ஒன் வேதியியல், அரையாண்டுத் தேர்வு. கேள்வி இதுதான்: பாயில் விதிக்கு அன்றாட வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருக. இரண்டு மார்க். காற்றை அமுக்கினால் அதற்கான இடம் சுருங்கும். இடத்தைக் கூட்டினால் அழுத்தம் குறையும். விதி என்பதே இவ்வளவுதான்.

பிள்ளைகள் எழுதியது: "பலூன் மேலே போகப் போகப் பெரிதாகும்."

என்ன பலூன்? கோவில்பட்டியில் எந்த வீட்டில் அன்றாடம் பலூன் மேலே போகிறது? கைடில் பலூன் இருக்கிறது, ஆகவே பலூன். கைடில் பூசணிக்காய் என்று அச்சாகியிருந்தால் எழுபத்தேழு பூசணிக்காய் மேலே போயிருக்கும்.

நான் வகுப்பில் சும்மா இருந்தேனா? சிரிஞ்சைக் கொண்டுபோனேன். முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தச் சொன்னேன்.

"ஏலே, என்ன தெரியுது?"

"கை வலிக்குது சார்."

"ஏன் வலிக்குது?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அவன் காலையில சாப்பிடல சார்."

வகுப்பே சிரித்தது. ஆனால் விதியைச் சொல்லச் சொல்லுங்கள்... மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். காற்றைப் பற்றிய பாடத்தை மூச்சு விடாமல்!

பலூன் இல்லாத அந்த ஒரு தாள் மாரிச்செல்வியுடையது. இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அவள் எழுதியிருந்தது ஒரே வரி: "மருந்தடிக்கிற டேங்கில் கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது."

நான் என்ன செய்தேன்? சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் பூஜ்யம். மருந்து, டேங்க், தண்ணீர் — இதில் வாயு எங்கே வந்தது? மற்றவர்களாவது காப்பி அடித்தார்கள், இவள் கேள்வியையே படிக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். மொத்தத்தைக் கூட்டினால் பாஸ் மார்க்குக்கு இரண்டு குறைவு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் அவர் வந்தார். காலில் கரிசல் மண் காய்ந்திருந்தது. பைக்கின் பின்னால் மருந்தடிக்கிற டேங்கைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். முதலிலேயே பம்பு அடித்துக் காற்றை ஏற்றிவிட்டு, பிறகு முதுகில் மாட்டுகிற பழைய ரகம். டவுனுக்கு வந்தது அதற்கு வாஷர் மாற்றத்தான். அப்படியே பள்ளிக்கூடத்துக்கும் ஒரு எட்டு.

"ஃபெயிலுன்னா நிப்பாட்டிருதேன் சார்," என்றார். உட்காரக்கூட இல்லை. "புதியம்புத்தூர்ல அவ சித்தி ரெடிமேடு யூனிட்ல தைக்கா. ஆள் வேணும், அனுப்புதீங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. இங்கன வந்து ஃபெயிலாகுறதுக்கு அங்கன போயி நாலு சட்டையாவது தைக்கட்டும்."

மாரிச்செல்வி அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவசரப்படாதீங்க அண்ணாச்சி. ரெண்டு மார்க்தான் குறையுது."

"ரெண்டுதானன்னா போட்டுற வேண்டியதுதான?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மார்க் என்ன கொசுறா? இந்தா பாருங்க, உங்க மக லட்சணத்த. வாயுவைப் பத்திக் கேட்டா மருந்தடிக்கிறதைப் பத்தி எழுதியிருக்கா." விடைத்தாளை அவர் முன்னால் போட்டேன்.

படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஏட்டி, வீட்டுலதான் இதைச் சொல்லி உசுர வாங்குத. பரீட்சையிலயும் எழுதி என் மானத்த வாங்குதியா?"

"நெசத்தத்தானப்பா எழுதுனேன். நான் சொன்னா நீங்க கேக்கீங்களா?"

விஷயம் இதுதான். அவர் டேங்கைக் கழுத்து வரை நிரப்புகிறவர். அவர் மட்டுமா? எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். மழையை நம்பிய மானாவாரிக் காடு, கிணறு கிடையாது. தண்ணீரைக் கேனில் பைக்கில் கொண்டுபோக வேண்டும். டேங்க் காலியானால் கேன் இருக்கும் வரப்புக்குத் திரும்ப நடக்க வேண்டும். நடையை மிச்சம் பிடிக்க எல்லாரும் தளும்பத் தளும்ப ஊற்றுகிறார்கள். நாலு தடவை பம்பு அடித்தாலே டேங்க் கிண்ணென்று இறுகிவிடும் — சந்தோஷம். இரண்டு வரிசை செடி தாண்டுவதற்குள் புகையாகப் போன மருந்து சொட்டுச் சொட்டாகிவிடும். இறக்கி வைத்து மறுபடி பம்பு. பழி வாஷர் மேல், காற்றை விடுகிறதாம். இந்தப் பருத்திக்கு இது மூன்றாவது வாஷர்.

"வாஷர்ல ஒண்ணுமில்ல சார்," என்றாள் மாரிச்செல்வி. "உள்ள காத்துக்கு எடமே விடலன்னா என்ன செய்யும்? இத்துணூண்டு எடத்துல அமுங்கி இருக்கு. ஒரு செம்பு தண்ணி வெளிய போனா அந்த எடம் ரெண்டு மடங்காயிரும். அழுத்தம் பாதியாயிரும். கால்வாசி காலியா விட்டா, ஒரு செம்பு போனாலும் காத்துக்குப் பெருசா தெரியாது. பம்பு மட்டும் கூட அடிக்கணும்."

"கால்வாசி குறைச்சா நடை கூடுமேட்டி?" என்றார் அப்பா.

"நடுக்காட்டுல எத்தன தடவ எறக்கி எறக்கிப் பம்பு அடிக்கீங்க? அதையும் சேத்துப் பாருங்க."

இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பாடத்துக்குச் சிரிஞ்சைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். இத்தனை தெளிவாக நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"இதையெல்லாம் ஏன் எழுதல?"

"எடுத்துக்காட்டு தருகன்னுதான சார் கேட்டிருந்தீங்க? விளக்குகன்னு கேக்கலையே?"

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

டேங்கை இறக்கச் சொன்னேன். நன்றாகக் கழுவி, பள்ளிக்கூடக் குழாயில் முதலில் அவர் வழக்கப்படி கழுத்து வரை. நாலு பம்பு. காம்பவுண்ட் சுவரை ஒட்டி அடித்துக்கொண்டே நடந்தார். சைக்கிள் ஸ்டாண்டின் மூன்றாவது தூணிலேயே சொட்ட ஆரம்பித்துவிட்டது. அடுத்து, மாரிச்செல்வி சொன்ன அளவு. அதே இறுக்கம் வர இருபது பம்பு. மறுபடி நடந்தார். மூன்றாவது தூண் போயிற்று, ஸ்டாண்டே போயிற்று. சுவர் முடிந்துவிட்டது, தண்ணீர் இன்னும் புகையாகவே போய்க்கொண்டிருந்தது. அதே வாஷர்.

அவர் டேங்கை இறக்கி வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சார், இப்பம் ரெண்டு மார்க் உண்டா, இல்லையா?"

"உண்டு அண்ணாச்சி. தப்பு என்னுது."

"அப்பம் சித்திக்கு போன் போட்டு வேற ஆள் பாக்கச் சொல்லிருதேன்." டேங்கைத் தூக்கிக் கட்டினார். வாஷர் கடைப் பக்கம் திரும்பாமல் ஊர்ப் பக்கமே வண்டியை விட்டார்.

அவரிடம் தப்பு என்னுது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை. பூஜ்யத்தை அடித்து இரண்டு போட்டுக் கையெழுத்துப் போட்டேன். சிவப்புக் கோடு அப்படியேதான் இருக்கிறது.

அன்றாட வாழ்க்கையிலிருந்து எழுது என்கிறோம். எழுதினால் விடைக்குறிப்பில் இல்லை என்று அடிக்கிறோம். அந்தக் குறிப்பு யாருடைய அன்றாடம்? கரிசலில் நடக்கிறவனுடையது இல்லை. பலூன் விடுகிறவனுடையதாக இருக்கலாம்.

மறுநாள் இரண்டு செக்‌ஷனிலும் நடந்ததை அப்படியே சொன்னேன். மாரிச்செல்வியை எழுப்பி நிறுத்திக் கைதட்டச் சொன்னேன். தட்டினார்கள். இனி ஒவ்வொருவரும் தன் வீட்டைப் பார்ப்பான், தன் தெருவைப் பார்ப்பான் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை அதே கேள்வியை மறுபடி கொடுத்தேன்.

எழுபத்தேழு தாளில் இப்படி இருந்தது: "மருந்தடிக்கிற டேங்கில் கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது." செல்போன் கடைக்காரர் மகனும் அதையேதான் எழுதியிருக்கிறான்.

மாரிச்செல்வி மட்டும் வேறு எழுதியிருந்தாள்.

பலூன்.

கூப்பிட்டு ஏன் என்று கேட்டேன். "எதுக்கு சார் வம்பு?" என்றாள்.